பல்லுக்கு இன்னொரு பெயர்

மனிதர்கள் எதையெல்லாம் தொலைப்பார்கள் என்று என்னிடம் கேட்காதீர்கள். கேட்டால் சொல்லத் தொடங்கிவிடுவேன், நிறுத்த மாட்டேன். பேருந்து நிலையத்தில் இருக்கும் தொலைந்த பொருள் அலுவலகத்துக்கு நான்தான் பொறுப்பு. குடை, பை, மூக்குக்கண்ணாடி இதெல்லாம் சாதாரணம். ஒற்றைச் செருப்பு வரும். அதைத் தொலைத்தவர் ஒரு வெறுங்காலை வைத்துக்கொண்டு எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று யோசித்தே என் பாதி ஆயுள் போய்விட்டது. ஊன்றுகோல் வரும். ஊன்றிக்கொண்டு ஏறியவர் கைவீசிக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறார். எங்கள் பேருந்துகள் போகிற குலுங்கலுக்கு எந்த முட்டியும் சரியாகிவிடும் என்பது என் கருத்து.

வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. நடத்துநரோ வண்டியைக் கூட்டுபவரோ பொருளைக் கொண்டுவந்து கொடுப்பார். அதற்கு ஒரு பெயர் எழுதிக் கணினியில் ஏற்றினால் ஓர் எண் வரும். பொருளைச் சாம்பல் நிற உறையில் போட்டு ஒட்டி, மேலே அந்த எண்ணை எழுதி, பின்னால் இருக்கும் கிடங்கில் அதே எண்ணுள்ள தட்டில் வைத்துவிட வேண்டும். எந்தத் தட்டு காலியாக இருக்கிறதோ அந்த எண்ணைத்தான் கணினி கொடுக்கும். அதனால் நேற்று வந்த குடையும் போன வருடம் வந்த மிருதுவான கரடி பொம்மையும் பக்கத்துப் பக்கத்தில் குடித்தனம் நடத்தும். யாராவது தேடி வந்தால் பெயரைத் தட்டுவோம், எண் வரும். பெயரைத் தவிர வேறு எதைத் தட்டினாலும் கணினி வாய் திறக்காது. தேதி வாரியாகத் தேடும் வசதி அடுத்த மாதம் வந்துவிடும் என்று, நான் இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அலுவலகத்தில் மொத்தம் மூன்று பேர். நான் ஒருத்தி. பதிவு எழுதும் பெண் ஒருத்தி. அவளுக்கு அகராதி என்று பெயர் வைத்தது நான்தான். எந்தச் சொல்லைக் கேட்டாலும் அதற்கு நாலு சொல் கொட்டுவாள் என்பது ஒரு காரணம். கொட்டும்போது அவள் தலை ஒரு பக்கமாகச் சாயும் அழகைப் பார்த்தால் இன்னொரு காரணமும் தெரிந்துவிடும். மூன்றாமவர் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர். அகலமானவர், எதற்கும் அவசரப்படாதவர், ஓரிடத்தில் நின்றுவிட்டால் நாலு பேர் சேர்ந்துதான் நகர்த்த வேண்டும். அவரை பீரோ என்போம். இப்போது அவர் வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். அந்தப் பாவமும் என்னுடையதுதான்.

ஒரு மழைக்காலத்தில்தான் எங்கள் விளையாட்டு பிறந்தது. காலையிலிருந்து குடைகளாக வந்து குவிந்தன. குடை, குடை, குடை என்று தட்டிக்கொண்டே இருந்த அகராதி, திடீரென்று விசைப்பலகையைத் தள்ளிவிட்டாள்.

“அக்கா, இன்னொரு தடவை குடைன்னு அடிச்சா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்.”

“அப்ப வேற ஏதாவது அடி,” என்றேன் எரிச்சலில்.

அவள் வேறு ஏதாவது அடித்தாள். கவிகை என்று. பின்னாலிருந்து எட்டிப்பார்த்த பீரோ, அடுத்ததற்கு “மடக்குக் கூரைன்னு போடும்மா,” என்றார். எனக்கும் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. மழைமறைப்பு என்றேன். சாயங்காலம் கதவை மூடும்போது மூன்று பேருக்கும் வயிறு வலித்தது. அவ்வளவு சிரித்திருந்தோம்.

அதிலிருந்து புதன்கிழமைகளுக்கு மட்டும் ஒரு சட்டம். வாரத்தில் அதுதான் கூட்டம் குறைவான நாள். அன்றைக்கு ஒருமுறை எழுதிய பெயரை மறுபடி எழுதக் கூடாது. வருகிற பொருளுக்கு முறைவைத்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்ல வேண்டும். சொல்ல முடியாமல் விழிப்பவர் ஆட்டத்திலிருந்து வெளியே. தோற்றவர்கள் வாரம் முழுக்கத் தேநீர் போட்டுக் கோப்பையும் கழுவ வேண்டும். கடைசிவரை நிற்பவருக்கு, அலுவலகத்தில் இருக்கும் ஒரே சுழல் நாற்காலி ஒரு வாரத்துக்குச் சொந்தம். மற்ற இரண்டும் முக்காலி. பொறுப்பாளர் என்ற பெயரை வைத்துக்கொண்டு நான் அதிகமும் முக்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

செருப்பு வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம். செருப்பு, காலணி, பாதணி, மிதியடி, பாதரட்சை என்று போகும். அகராதி தலையைச் சாய்த்துக்கொண்டு தொடுதோல் என்பாள். பீரோவிடம் புத்தகச் சொல் கிடையாது. அவர் சொந்தமாகச் செய்வார். கால்வண்டி என்பார், பாதத்துக்குப் படகு என்பார். சொந்தச் சரக்கு செல்லுமா செல்லாதா என்று மற்ற இருவரும் வாக்களிக்க வேண்டும். பாதத்துக்குப் படகு என்று அவர் அந்த உடம்பை வைத்துக்கொண்டு சொல்லும்போது செல்லாது என்று சொல்ல எங்களுக்கு வாய் வந்ததில்லை.

இதனால் எனக்கு வீட்டிலும் நன்மை உண்டாயிற்று. முன்பெல்லாம் சோம்பேறி என்ற ஒரு சொல்லையே வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தியவள் நான். இப்போது மடியன், மந்தன், அசமந்தம், தூங்குமூஞ்சி என்று கை நிறைய இருக்கிறது. என் கணவர் செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல், “இன்னைக்குப் புதன்கிழமையா?” என்று கேட்பார்.

பொருளைத் தேடி வருபவர்களுக்கு இதனால் இடைஞ்சல் வந்ததில்லை. வருபவர் சொன்ன பெயரில் கிடைக்காவிட்டால், நாங்கள் என்ன பெயர் வைத்தோம் என்பது யாராவது ஒருவருக்கு நினைவிருக்கும். அதைத் தட்டி எடுத்துக் கொடுத்துவிடுவோம். இது எப்போதும் நடக்கும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரிசை கதவுவரை நின்றது. ஒருவர் முறை வந்து என் முன்னால் நின்றார். வயது அறுபதைத் தொட்டிருக்கும். பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த புதுச் சட்டை, மடிப்புக் கோடுகள்கூடப் போகவில்லை. தலைமுடியை வெட்டியிருந்த நேர்த்தியைப் பார்த்தால் அளவுகோல் வைத்து வெட்டியது போலிருந்தது. வாயை மட்டும் ஒரு கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தார்.

“என்ன சார் தொலைச்சீங்க?”

“ஒரு டப்பா,” என்றார் கைக்குட்டைக்குள்ளிருந்து.

“சாப்பாட்டு டப்பாவா?”

இல்லை என்று தலையசைத்தார். “சின்னது. நீலம்.”

“உள்ள என்ன இருந்துச்சு?”

“ஒரு பொருள்.”

என் கோபம் எனக்கு நன்றாகத் தெரியும். அது மூக்கு நுனியில் குடியிருக்கிறது, வாடகைகூடத் தருவதில்லை. “சார், இங்க இருக்கிறது எல்லாமே பொருள்தான். பேரைச் சொன்னாத்தானே மிஷின் தேடிக் குடுக்கும். பின்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க பாருங்க.”

பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் அவருடைய கஷ்டமே. திரும்பிப் பார்த்தார். மேசையிலிருந்த துண்டுச்சீட்டை இழுத்து எதையோ எழுதி, தேர்வு அறையில் விடையை மறைப்பவர் போலக் கவிழ்த்து என் பக்கம் தள்ளினார். எடுத்துப் பார்த்தேன். பல்செட், மேலும் கீழும், என்று எழுதியிருந்தது.

நான் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. அப்படி ஒரு பயம் அதில்.

“கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா,” என்றார். குனிந்து, மேசையோடு மேசையாக, அவர் சொன்னது இதுதான். அவர் முடிதிருத்துபவர். மனைவி காலமாகிப் பல வருடங்களாயிற்று. அவர் கடைக்கு எதிரே ஓர் அச்சகம். அங்கே மெய்ப்புப் பார்த்து அச்சுப்பிழை திருத்தும் பெண்மணிக்கும் அவருக்கும் இன்றைக்கு மூன்று மணிக்கு, இந்த நிலையத்துக்கு எதிரே இருக்கும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம். ஈறு வலித்ததால் பேருந்தில் பல்லைக் கழற்றி டப்பாவில் போட்டார். இறங்கும்போது டப்பா இருக்கையிலேயே தங்கிவிட்டது. வீட்டில்தான் எங்கேயோ வைத்தோம் என்று நம்பி, வீட்டையே கவிழ்த்துத் தேடிவிட்டு இன்றைக்கு வந்திருக்கிறார்.

“அவங்களுக்கு இது பொய்ப்பல்லுன்னு தெரியாது,” என்றார். “ஒரு புள்ளி இடம் மாறினாலும் கண்டுபிடிக்கிறவங்க. இதை மட்டும் கண்டுபிடிக்கல. நானும் சொல்லல. அவங்க முதல் தடவை கடைக்கு வந்தப்ப, உங்க சிரிப்பு நல்லா இருக்குன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?”

“இப்ப அவங்ககிட்ட என்ன சொல்லியிருக்கீங்க?”

“பேசவே இல்ல. பேசினா காத்துப் போகுது, கண்டுபிடிச்சிடுவாங்க. ரெண்டு நாளா கடையும் திறக்கல, போன் அடிச்சப்பல்லாம் எடுக்கல. ஒரு சின்ன வேலை, தொலைந்த பொருள் அலுவலகம் போய்ட்டு வந்துடறேன்னு இப்பத்தான் ஒரு வரி அனுப்பினேன்.”

நாள் முழுக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டே முடி வெட்டுகிற தொழில். அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது எனக்கு என்னவோ செய்தது. அகராதியிடம் சீட்டை நீட்டினேன். அவள் சுழல் நாற்காலியில் ஒரு அரைச்சுற்றுச் சுற்றிவந்து தட்டினாள். பல்செட் என்றதும் வரிசையாக எண்கள் வந்தன. நம்ப மாட்டீர்கள், மனிதர்கள் அவ்வளவு பல்லைத் தொலைக்கிறார்கள். பீரோ போய் உறைகளை எடுத்துவந்து, தடுப்புக்குப் பின்னால் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றில் மேல்வரிசை மட்டும். ஒன்றில் முன்பல் தங்கம். ஒன்று குழந்தையுடையது போலச் சின்னது. இன்னொன்று புதன்கிழமை வந்தது என்று பீரோவுக்கே நினைவிருந்தது. ஆனால் அது ஒரு குதிரைக்குத்தான் பொருந்தும். எதுவுமே தன்னுடையது இல்லை என்று முடிதிருத்துபவர் தலையசைத்தார்.

“எப்ப சார் தொலைச்சீங்க?” என்று கேட்டாள் அகராதி.

“புதன்கிழமை.”

அவள் விரல்கள் விசைப்பலகையிலேயே நின்றுவிட்டன. என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். புதன்கிழமை காலையிலேயே ஒரு பல்செட் வந்துவிட்டது. சாயங்காலம் இன்னொன்று வந்திருந்தால், சட்டப்படி அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்திருக்க முடியாது.

“வந்துச்சுக்கா,” என்றாள் மெல்லிய குரலில். “கடைசியா வந்தது. நீங்க ரெண்டு பேரும் தோத்துப் போய் டீ போடப் போய்ட்டீங்க. நான்தான் பேர் வச்சு ஒட்டினேன்.”

“என்ன பேர் வச்ச?”

“ஞாபகம் வரல.”

“நேத்து முந்தாநாள் வச்ச பேருடி.”

“நீங்க கத்தினா இருக்கிறதும் போயிடும்க்கா.”

அவள் தந்தம் என்று தட்டினாள். இல்லை. தசனம் என்று தட்டினாள். இல்லை. பற்கள், பல்வரிசை, இல்லை, இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டரையை நெருங்கிக்கொண்டிருந்தது.  மெதுவாகப் பேசச் சொன்னதெல்லாம் பறந்துபோயிற்று. கிடங்குப் பக்கம் திரும்பி, என் இயல்பான குரலில், அதாவது மூன்றாம் நடைமேடைவரை கேட்கும் குரலில் கத்தினேன்.

“பீரோ அண்ணே, புதன்கிழமை ரெண்டாவதா வந்த பல்செட்டை எங்க வச்சீங்க?”

“உறையை ஒட்டித்தானேம்மா குடுக்கிறீங்க,” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. “உள்ள பல்லு இருக்கா பணியாரம் இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

கூடமே திரும்பிப் பார்த்தது. முடிதிருத்துபவர் தலை குனிந்து நின்றார். என் நாக்கை இழுத்து வெட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அவ்வளவு வெட்கம் எனக்கு.

வரிசையில் முதலில் நின்ற பெண் இடுப்பில் குழந்தையை மாற்றிக்கொண்டு பேசினாள். “இதுல என்ன இருக்கு? எங்க மாமனார் மூணு தடவை தொலைச்சிருக்கார். பேருதானே தெரியல? கட்டுப்பல்லுன்னு போட்டுப் பாருங்க.”

அகராதி போட்டாள். இல்லை.

“பொய்ப்பல்,” என்றார் அவளுக்குப் பின்னால் நின்ற ஓட்டுநர்.

இல்லை.

“செயற்கைப் பல்,” என்றது ஒரு கண்ணாடிக்காரக் குரல். “கோரைப்பல், கடைவாய்ப்பல், வெட்டுப்பல்.” பல் மருத்துவமனையில் வேலை போலிருக்கிறது.

எதுவும் இல்லை. ஆனால் வரிசை கலைந்து மேசையைச் சுற்றி நெருங்கிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன், சிரித்தார்கள். ஆனால் அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒவ்வொருவர் வாயிலிருந்து வந்த பெயருக்குத்தான் சிரித்தார்கள். ஒருவர் வாய்க்கதவு என்றார். ஒரு பாட்டுக்கார இளைஞன் முத்துச்சரம் என்றான். குழந்தைக்காரப் பெண் கடிப்பான் என்றாள். வெளியே வந்து நின்ற பீரோ மிகுந்த யோசனைக்குப் பிறகு, “உள்ளூர் அரவை மில்,” என்றார். அதற்கு எல்லாரும் கைதட்டினார்கள். முடிதிருத்துபவர் தோள்கூட லேசாகக் குலுங்கியது.

“இதெல்லாம் இவ எழுதமாட்டா,” என்றேன். “ஒட்டுச் சொல் எழுத மாட்டா. ஒத்தைச் சொல்லா, பழைய சொல்லா, யாருக்கும் தெரியாத சொல்லாத்தான் தேடிப் பிடிப்பா.”

“தெரியும்க்கா,” என்றாள் அகராதி. கண்ணில் தண்ணீர் நின்றது. “நாக்குலேயே இருக்கு. ஆனா வரமாட்டேங்குது. இவருக்குக் கல்யாணம் நின்னா நான்தான் காரணம்.”

அந்தக் கல்யாணம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கூட்டம் இன்னும் நெருங்கியது. இன்றைக்கா, எத்தனை மணிக்கா, எதிர்க்கட்டடத்திலா என்று கேள்விகள். கூட்டத்தின் வால் பக்கம், கதவருகே, யாரோ புதிதாக வந்து நின்றிருந்தார். புதுச் செருப்பு கடித்திருக்க வேண்டும், ஒரு காலைப் பாதி கழற்றிவிட்டு நின்றார். கையில் ஒரு கோப்பு. என்ன தேடுகிறார்கள் என்று கூட்டத்திலிருந்து திரும்பிப் பார்த்த ஓட்டுநரிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

“ஒரு பெரியவரோட பல்செட்டும்மா,” என்றார் ஓட்டுநர் உற்சாகமாக. “இன்னைக்கு அவருக்குக் கல்யாணமாம். பல்லு இல்லாம பொண்ணு முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு நிக்கிறார். பல்லுக்கு ஏதோ பழைய பேர் வச்சு எழுதிட்டாங்களாம், அது ஞாபகம் வரல. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?”

அந்தப் பெண்மணி கழுத்தை நீட்டி மேசைப் பக்கம் பார்த்தார். புதுச் சட்டையின் முதுகையும் அளந்து வெட்டிய பிடரியையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“எயிறுன்னு போட்டுப் பாருங்க,” என்றார்.

அகராதி தலையில் அடித்துக்கொண்டாள். தட்டினாள். கணினியில் ஒரே ஓர் எண் வந்தது. அதை அவள் வாசிக்கும் முன்பே பீரோ கிடங்குக்குள் ஓடியிருந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

கூடம் முழுக்க ஆரவாரம். முடிதிருத்துபவர் மட்டும் அசையவில்லை. அந்தக் குரல் யாருடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கைக்குட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்து, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவர் பிடரி வேர்த்தது எனக்குத் தெரிந்தது.  பல் கிடைத்துவிட்டது, ஆனால் எதற்காகத் தேடினாரோ அது போய்விட்டதே என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில் சும்மா நிற்க முடியாமல் அகராதிமேல் பாய்ந்தேன். “எல்லாம் உன் நாற்காலி ஆசை.”

“இனிமே விளையாட மாட்டேன்க்கா.”

“ஐயோ, நிறுத்திடாதீங்க,” என்றாள் குழந்தைக்காரப் பெண். “நாங்க இங்க நின்னு நின்னு காலு கடுத்துப் போறோம். எங்களையும் சேர்த்துக்குங்க. நான் புதன்கிழமை எதையாவது தொலைச்சிட்டாவது வர்றேன்.”

யோசித்தேன். கோபத்தில் எடுக்கிற முடிவுகளை நான் எப்போதும் மறுநாள் மாற்ற வேண்டியிருக்கிறது. அதனால் நிதானமாகவே சொன்னேன். “நிறுத்த வேண்டாம். முதல்ல ஊருக்கே தெரிஞ்ச பேரை எழுது. அதுக்குப் பக்கத்துல உனக்குத் தெரிஞ்சது, இவருக்குத் தெரிஞ்சது, வரிசையில நிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சது எல்லாத்தையும் எழுது. எதைத் தட்டினாலும் பொருள் வரணும். யாரு அதிகமா பேர் குடுக்கிறாங்களோ அவங்களுக்கு அந்த நாற்காலி. வெளியாளா இருந்தாலும் சரி, அவங்க முறை வர்ற வரைக்கும் உக்காந்துக்கட்டும்.”

பல்லுக்கு அவள் அங்கேயே எழுதத் தொடங்கினாள். உள்ளூர் அரவை மில் உட்பட.

பீரோ மூச்சிரைக்க வந்து உறையைக் கிழித்தார். நீல டப்பா. எங்கள் விதிப்படி, பொருள் தன்னுடையதுதான் என்று வந்தவர் நிரூபிக்க வேண்டும். குடை என்றால் நிறம் சொன்னால் போதும். பல்லை எப்படி நிரூபிப்பது? போட்டுக் காட்டத்தான் வேண்டும். இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, விதிமுறை ஒட்டியிருந்த சுவரைக் காட்டினேன். அகராதி ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

அவர் டப்பாவை வாங்கிக்கொண்டு மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பினார். யாரும் சொல்லாமலே வரிசை முழுவதும் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. ஓட்டுநர் திரும்பினார், பாட்டுக்கார இளைஞன் திரும்பினான், குழந்தையின் முகத்தைக்கூட அந்தப் பெண் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பீரோ திரும்பியதில் பாதிக் கூடம் மறைந்துவிட்டது.

அந்தப் பெண்மணி மட்டும் திரும்பவில்லை. கழற்றிய செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஒற்றைக்காலில் செருப்போடு நடந்து மேசைவரை வந்தார்.

“ரெண்டு நாளா போன் எடுக்கல நீங்க,” என்றார்.  “உங்களுக்கு மனசு மாறிப்போச்சுன்னு நினைச்சேன். தொலைந்த பொருள் அலுவலகம்னு அனுப்பினீங்க. என்னைவிட முக்கியமா என்னத்தைத் தொலைச்சீங்கன்னு பார்க்கலாம்னுதான் வந்தேன்.”

அவர் சுவரோடு பேசினார். “உங்களுக்கு அந்தச் சிரிப்புப் பிடிச்சிருந்துச்சு. அது என்னோடது இல்லைன்னு சொல்லத் தைரியம் வரல.”

“அதைப் போட்டுக்கிட்டுச் சிரிச்சது யாரு?”

அவர் டப்பாவின் மூடியில் கை வைத்தார்.

“சுவரைப் பார்த்துப் போட வேண்டாம்,” என்றார் அந்தப் பெண்மணி. “இந்தப் பக்கம் திரும்பிப் போடுங்க. நாளையிலேருந்து காலையில எழுந்ததும் நான் முதல்ல பார்க்கப் போறதே இந்தப் பொக்கை வாயைத்தானே.”

அவர் திரும்பினார். கைக்குட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பல் ஒன்றும் இல்லாத வாயோடு, மறைக்காமல், அந்தப் பெண்மணியைப் பார்த்துச் சிரித்தார். பிறகுதான் டப்பாவைத் திறந்தார்.